மகாராணியின் சம்மதம்

"அப்பா...!"

அந்த அலறலில் பண்ணை நாய்கள் அத்தனையும் சேர்ந்து குரைத்தன.

கூண்டுகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம், நாய்ப் பண்ணைக்காரர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் கம்பி... ரத்தத்தோடு!

மகள் அவர் தலையை மடியில் வைத்துக் கதறினாள்.

அவள் புருஷன் ஓடி வந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை! குனிந்து அவள் காதில் ஏதோ கேட்டான். அவளும் ஏதோ சொன்னாள்.

வீட்டோடு மாப்பிள்ளை. தொந்தி முழுக்க மாமனார் வீட்டுச் சோறு. போனில் குட்டிகளுக்கு விலை பேசுவதோடு அவன் உத்தியோகம் சரி. முடி ஒட்டும் என்று கூண்டுப் பக்கமே போகமாட்டான்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே விசாரித்தார்.

"மாமனார் சாகும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"மேட்டிங் ரூம்ல சார். எங்க பொட்டை நாய் மகாராணிக்கு ஆண் நாயைச் சேர்த்து விட்டேன். லாக் ஆயிடுச்சு..."

"லாக்னா?"

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும் சார். தானா விலகற வரைக்கும் ஆள் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். விட்டா ஆண் நாய்க்கு அடிபட்டுடும். அரை மணி நேரம் அங்க இங்க நகர முடியல!"

"கூட யாரு?"

"யாருமில்ல. மாமாதான் சேர்க்கச் சொன்னார்."

"நாயைக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க... சட்டையில ஒரு முடிகூட இல்லையே?"

"அ... அது முடிஞ்சதும் மாத்திட்டேன் சார்!"

மாப்பிள்ளையின் கழுத்துக்கு இப்போது அந்த லாக் ஒன்றுதான் காவல். இன்ஸ்பெக்டர் மகளைப் பார்த்தார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவர் சொல்றதை ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க சார்."

அடடா, பத்தினி! மாப்பிள்ளைக்கு மூச்சு சீரானது.

"மிருக டாக்டருக்கும் போன் பண்ணிட்டேன். மகாராணியையும் ஒரு தடவை பார்த்துடட்டும்" என்றாள்.

டாக்டர் வந்தார். மகாராணியின் பின்பக்கம் பஞ்சால் ஒற்றினார். பஞ்சு செக்கச் சிவந்தது.

"இவளுக்கு ஹீட்... பருவம் எப்போ ஆரம்பிச்சுது?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டான். மேதாவி அல்லவா!

"இன்னிக்குக் காலையிலதான் டாக்டர்! ரத்தத்தைப் பார்த்ததும் தாமதிக்கலாமா? உடனே சேர்த்துட்டேன்!"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த ஆண் நாயைக் கூட்டிட்டு வாங்க."

வந்தது. வாலாட்டியது. மோந்தது. மகாராணி வாலை இடுக்கிக்கொண்டு சட்டென்று திரும்பினாள்... லபக்! கடி மூக்கு நுனியில் தப்பியது. ஆண் நாய் பின்வாங்கி மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்? ரத்தம் வர்றது ஆரம்பம்தான். அது வெளுக்கணும். இவளே வாலை ஒதுக்கிட்டு நிக்கணும். அதுக்கு இன்னும் நாளிருக்கு. இன்னிக்கு இவளைச் சேர்த்துப் பிடிச்சிருந்தா, இவர் கையில விரல் மிஞ்சியிருக்காது!"

மாப்பிள்ளை மனைவி பக்கம் பாய்ந்தான்.

"நீதானேடி, லாக் ஆச்சுன்னு சொல்லுங்க, யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு சொன்னே!"

"சொன்னேன்." அவள் குரலில் அழுகை இல்லை. "காலையில நீலச் சட்டை போட்டிருந்தீங்க. எங்கப்பா செத்துக் கிடக்கறப்போ வெள்ளைச் சட்டையில ஓடி வந்து, 'நான் எங்க இருந்தேன்னு சொல்லட்டும்?'னு காதுல கேட்டீங்க. அப்பவே புரிஞ்சு போச்சு. இத்தனை வருஷம் நாய் வித்த காசுல தின்னுட்டு, பொட்டை நாய் எப்போ சம்மதிக்கும்னு தெரிஞ்சுக்காத ஜென்மம் நீங்க. அதான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்!"

"மகாராணியைச் சேர்க்கலாம்னு உங்கப்பன்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா! போன தடவை குட்டி போட்டு இளைச்சிட்டா, இந்தத் தடவை சேர்க்கவே மாட்டேன்னு ஒரே பிடிவாதம்! கெழவன் ஒரு 'சரி' சொல்லியிருந்தா..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். லேட்!

கைவிலங்கு மாட்டிய இன்ஸ்பெக்டர், மூலையில் படுத்திருந்த ஆண் நாயைக் காட்டினார்.

"இதை எங்கேம்மா கட்டறது?"

"கட்ட வேண்டாம் சார். முடியாதுன்னதும் பேசாமப் போய்ப் படுத்துக்கிச்சு பாருங்க. வீட்டோட வச்சுக்கறதுன்னா இந்த மாதிரி ஒண்ணைத்தான் வச்சுக்கணும்!"