கீறல் விழாத கதவு

துண்டு முழுக்க நனைந்துவிட்டது. லட்சுமணன் அதைத் தொட்டியில் எறிந்துவிட்டு, போட்டிருந்த பனியனைக் கழற்றிச் சுருட்டி, மறுபடி துடைத்தான். மேலிருந்து கீழாக. ஓரமெல்லாம். ஃபிரிட்ஜின் வெள்ளைக் கதவு பளிச்சென்று நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

வந்தது.

முதலில் ஒரு மங்கல், கண்ணாடியில் யாரோ வாய்வைத்து ஊதினாற்போல. பிறகு பொடிப்பொடியாக நீர்முத்துகள். முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஐந்து விரல்கள் ஆயின, ஓர் உள்ளங்கை ஆனது. பக்கத்திலேயே இன்னொரு கை.

“இன்னும் குளிக்கலையா?” கூடத்திலிருந்து ஜெயலட்சுமியின் குரல். “ஜல்தி பண்ணுங்க. சூரி சாகிப் ஏழுன்னா ஏழுக்கு வந்து நிப்பார். மனுஷர்தான் பஞ்சாபி, வாட்ச் ஜெர்மன்.”

வருகிறேன் என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

எழுபத்தெட்டின் மழைக்காலம். டெல்லி கிட்வாய் நகரின் அரசாங்கக் குடியிருப்புகள் எல்லாம் ஊறிப்போய், சுவர்கள் பாசி வாடை அடித்துக்கொண்டிருந்தன. சமையலறையில் ஈரத்தீப்பெட்டி நாற்றமும் பெருங்காயமும் கலந்து கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே மழை நின்ற பிறகும் வேப்பமரம் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் மோட்டார் மட்டும் தொண்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு முனகுகிறவனைப்போல ஓடிக்கொண்டிருந்தது. வீடு ஜெயலட்சுமியின் பெயரில் கிடைத்தது. அவளுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். அவனுக்கு ஒக்லாவில் ஃபிரிட்ஜ் தொழிற்சாலை, கதவு வடிவமைக்கும் பிரிவு.

இந்தக் கதவு அவன் கதவு. அதுவரை தொழிற்சாலையில் கதவுக்குள் கண்ணாடிப் பஞ்சைத் திணிப்பார்கள். திணிக்கிற ஆட்கள் நாளெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார்கள். லட்சுமணன்தான் பஞ்சைத் தூக்கிப்போட்டுவிட்டு ஃபோம் ஊற்றச் சொன்னவன். இரண்டு திரவங்கள். கலந்து கதவின் வயிற்றுக்குள் ஊற்றி, இறுக்கிப் பூட்டிவிட்டால், புளித்த மாவு மாதிரிப் பொங்கி மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து கல்லாகிவிடும். கதவு பாதி கனம்தான். குளிர் வெளியே கசியாது. கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு பூட்டு. சோதனைக்காகச் செய்த முதல் கதவை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டியிருந்தான். இன்று சூரி, தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர், சாப்பாட்டுக்கு வருகிற சாக்கில் இதைப் பார்த்து முடிவு சொல்லப்போகிறார். சரி என்றால் இனி அத்தனை ஃபிரிட்ஜுக்கும் இதுதான் கதவு, லட்சுமணன்தான் பிரிவின் தலைமை.

கதவு வியர்த்தால் கதை முடிந்தது. கதவின் வெளித்தகடு வியர்க்கிறது என்றால் உள்ளே அந்த இடத்தில் ஃபோம் நிறையவில்லை, குழி இருக்கிறது என்று அர்த்தம். முதல் வருஷப் பயிற்சிக்காரனுக்கும் தெரியும்.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். குழி இருந்தால் தகரடப்பா மாதிரி ஒலிக்கும். இல்லை. உள்ளங்கை தெரிந்த இடம் முழுக்க, ஒவ்வொரு விரலிலும், கெட்டியான கட்டைச் சத்தம். எங்கும் குழி இல்லை.

இடது கையின் சுண்டுவிரல் மட்டும் வளைந்திருந்தது. நிமிராத விரல். தறியில் நசுங்கிய விரல் அது. அந்த விரலை அவனுக்குத் தெரியும்.

அருக்காணியின் கை.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவள். ஊரில் எங்கள் வீட்டில் சமைத்தவள், போக்கிடம் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் லட்சுமணன் ஜெயலட்சுமியிடம் சொன்னான். ஜெயலட்சுமி ஒன்றும் கெட்டவள் இல்லை. சேலை வாங்கித் தந்தாள், குளிருக்கு ஸ்வெட்டர் தந்தாள். மாமியார் இல்லாத குறையை இந்த அம்மா தீர்த்துவைக்கிறாள், நான் வைத்த ரசத்தில் கூடக் குற்றம் சொல்கிறாள் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அருக்காணிக்குச் சர்க்கரை வியாதி. மறைத்து மறைத்து இனிப்பு தின்பாள். அதனால்தான் ஜூனில் முசூரிக்குக் கிளம்பிய அன்று, ஃபிரிட்ஜில் ரஸகுல்லா இருக்கிறது, பூட்டிவிடுங்கள், அவள் நல்லதுக்குத்தான் என்று ஜெயலட்சுமி சொன்னாள். அவனும் பூட்டினான்.

ஜெயலட்சுமிக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதே ஃபிரிட்ஜில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால், அருக்காணியின் இன்சுலின் புட்டி இருந்தது. சமையல்காரிக்கு ஏன் இவ்வளவு விலையில் மருந்து என்ற கேள்வி வரக்கூடாதென்று லட்சுமணன்தான் ஒளித்துவைத்தான். தினம் காலையில் அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்த் தெருமுனைக் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். மருந்தைப்பற்றி யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில், பஸ் கிளம்ப நேரமிருக்கும்போதே, சில்லறைக்காகப் பையில் கைவிட்டான். சாவி தட்டுப்பட்டது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆட்டோ ஸ்கூட்டர் பிடித்தால் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் சொன்னால் ஜெயலட்சுமி கேட்பாள். என்ன மருந்து, யார் வாங்கித் தருவது, ஏன் நீங்கள். ஒரு கேள்வி இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். அருக்காணி கடையில் வேறு வாங்கிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் கையில் காசு கிடையாது, இந்தியில் நாலு வார்த்தை வராது என்பதையும் நினைத்தான். பூட்டு அற்பப் பூட்டு, குழவியால் ஒரு போடு போட்டால் தெறித்துவிடும், உடைத்துக்கொள்வாள் என்று கடைசியாகச் சொல்லிக்கொண்டான். பிறகு ஜெயலட்சுமிக்குச் சுட்ட சோளக்கதிர் வாங்கிக்கொடுத்தான். எலுமிச்சையும் காரப்பொடியும் தடவி.

திரும்பி வந்தபோது அருக்காணி ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தாள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. கதவில் ஒரு நெளிசல் இல்லை. குழவி அம்மிமேல் கழுவி வைத்தபடி இருந்தது.

யமுனைக்கரையில், நிகம்போத் காட் சுடுகாட்டில், உறவு என்ன என்று கேட்டார்கள். வேலைக்காரி என்றான். கொள்ளி வைக்க ஆள் யார் என்றார்கள். யாருமில்லை என்றான். சுடுகாட்டு ஆளே வைத்தான். லட்சுமணன் தள்ளி நின்று, புகை கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் மணி அடித்தது.

அவன் படுக்கையறைக்கு ஓடி மேஜை விசிறியைத் தூக்கிவந்தான். கதவுக்கு நேரே வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டான். காற்று பட்டால் ஈரம் பிடிக்காது. கைகள் இரண்டும் விளிம்பிலிருந்து சுருங்கின, மெலிந்தன, போயின. சட்டையை மாட்டினான். அக்குள் நனைந்திருந்தது.

சூரி பெரிய உருவம். ஷூவைக் கழற்றாமல் சமையலறைவரை வந்துவிட்டார். விசிறி எதற்கு என்றார். புழுக்கம் சார் என்றான் லட்சுமணன். அவர் கதவைத் தட்டிப் பார்த்தார், மேலே, நடுவில், ஓரத்தில். கட்டைச் சத்தம். தலையாட்டினார். செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்தார். ரப்பர் கவ்விக்கொண்டது, காகிதம்தான் கிழிந்தது. ஷாபாஷ் என்றார். பிறகு முழு உள்ளங்கையையும் கதவில் வைத்துத் தடவினார். லட்சுமணன் அந்தக் கையையே பார்த்தான். ஈரமில்லாமல் எடுத்தார்.

கடைசியில் பூட்டுக்கு வந்தார். கதவைவிட இந்தப் பூட்டுதான் விற்கும் என்றார், டெல்லியில் வேலைக்காரர் இல்லாத வீடு எது. யாராவது நெம்பிப் பார்த்தார்களா என்று ஜெயலட்சுமியைக் கேட்டார்.

“நஹி ஜி,” என்றாள் ஜெயலட்சுமி. சமையல்காரி ஒருத்தி இருந்தாள், பாவம், நாங்கள் ஊரில் இல்லாதபோது போய்விட்டாள், பத்து நாள் பூட்டியே கிடந்தது, பாருங்கள், ஒரு கீறல் கூட இல்லை என்று கணவனின் கதவுக்கு நற்சாட்சி சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

லட்சுமணனுக்குக் காது மடல்கள் எரிந்தன.

சூரி சாவியைத் திருப்பினார். பூட்டினார். கைப்பிடியைப் பிடித்து, காலை ஊன்றி, முழுப் பலத்தோடு இழுத்தார். கதவு அசையவில்லை. சிரித்தார். சாவியைத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, லட்சுமணனின் தோளைத் தட்டினார். அடுத்த மாதமே உற்பத்தி என்றார்.

மின்சாரம் போனது.

கிட்வாய் நகர் முழுக்க ஒரு ‘ஓ’ எழுந்து அடங்கியது. மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விசிறியின் இறக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டு, பிறகு அதுவும் இல்லை.

ஜெயலட்சுமி தீப்பெட்டியைத் தேடினாள். அலமாரியில் அவள் வளையல்கள் உரசின. சூரி இந்தியில் மின்சார வாரியத்தின் வம்சத்தைத் திட்டினார். லட்சுமணன் கதவின் முன்னால் நின்றான். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சத்தம் வந்தது. நீர் கோத்துக்கொள்கிற சத்தம். மிக மெல்லியது. கதவு முழுக்க.

சொட்டு.

சொட்டு.

குச்சி உரசியது. நமுத்த குச்சி. பற்றவில்லை.

சுவருக்கும் அவனுக்கும் இடையே ஆள் நிற்க இடமில்லை. இருந்தும் யாரோ நின்றார்கள். கோடாலித் தைலம். வெற்றிலை. மூச்சு இல்லை. வாசனை மட்டும்.

அடிக்கப்போகிறாள். அதுதான் முதலில் தோன்றியது. கழுத்தை நெரிக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டான். நெரித்தால் தேவலை.

நெற்றிப்பொட்டில் பட்டது. இரண்டு பக்கமும். சில்லென்று, ஈரமாக. மெதுவாக வழித்துக்கொண்டு இறங்கியது. கன்னம். தாடை. மோவாய். பிறகு விலகியது.

இருட்டில், அவன் முகத்துக்கு எதிரே, பட பட படவென்று விரல் சொடுக்குகள்.

நெட்டி முறிக்கிறாள்.

திருஷ்டி கழிக்கிறாள். அவனுக்கு.

கதவு வந்து இறங்கிய அன்று, ஜெயலட்சுமி ஆபீஸில் இருந்தபோது, அருக்காணி இதே இடத்தில் நின்று கேட்டாள்: “இத நீயா செஞ்சே, சாமி?” ஆமாம் என்றான். ஒரு கீறல் படக்கூடாது, இதை வைத்துத்தான் என் வாழ்க்கை என்றான். அவள் கதவை இரண்டு கையாலும், கொள்ளைப் பிரியத்தோடு, குழந்தையை வழிப்பதுபோல் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து இப்படித்தான் சொடுக்கினாள்.

அவை கதவைத் திறக்கப் பார்த்த கைகள் இல்லை.

“உடைச்சிருக்கலாமே,” என்றான் லட்சுமணன். சத்தமாகவே வந்துவிட்டது. “ஒரு போடு போட்டிருந்தாப் போதுமே.”

சூரி பேச்சை நிறுத்தினார். ஜெயலட்சுமியின் மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது. அவள் அதை உயர்த்தினாள்.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

அவள் கதவைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் கன்னங்கள் இரண்டும் உள்ளே அமுங்கியிருந்தன. ஒரு பக்கம் நான்கு பள்ளம், மறுபக்கம் நான்கு பள்ளம், தாடைக்குக் கீழே கட்டைவிரல் பதிந்த குழி. சதை பிதுங்கி, உதடு குவிந்து. பள்ளங்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிடித்திருக்கும் கைதான் இல்லை.

“யாருகிட்ட பேசறீங்க?” ஜெயலட்சுமியின் குரல் காற்றாக வந்தது. “அருக்காணியா? அந்தச் சமையக்காரியா?”

தீ அவள் விரலைத் தொட்டது. அவள் விடவில்லை.

குவிந்த உதடுகளால் அவன் சொன்னான்.

“எங்கம்மா, ஜெயா.”