பூட்டியிருந்த பின்கதவு

ராகலைச் சரிவில் பிற்பகலிலேயே மழையோடு மூடுபனியும் இறங்கிவிட்டது. கொழும்பில் வங்கி அதிகாரியாக இருக்கும் யோகேஸ்வரன், அண்மையில் வாங்கிய காரில், தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான். பின்னிருக்கையில் சிறுமகள் தாரணி. வேகம் இருபதைத் தாண்டியதும் நான்கு கதவுகளும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன.

“யாருப்பா பூட்டினா?”

“காரே பூட்டிக்கும்மா. ஓடுறப்ப நீ தொறந்து விழுந்துடக் கூடாதுல்ல.”

மழைக்குள் ஒரு கிழவி கைநீட்டினாள். மழையில் நிற்பவரை ஏற்றாமல் போகும் வண்டி அந்தத் தோட்டப் பாதையில் கிடையாது. பழக்கத்தில் பிரேக்கை மிதித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தான். வேலாயி. அவனுடைய தாய் கொழுந்து பறிக்கப் போன நாள்களில், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் அவனைத் தூக்கி வளர்த்த ஆயா.

தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து சேற்றுநீர் வடிந்தது. இருக்கைகளோ வெளிர்நிறத் தோல்.

அவள் பின்கதவின் பிடியை இழுத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவன் பூட்டைச் சுட்டிக்காட்டி, முடியவில்லை என்பதுபோல் இரு கைகளையும் விரித்தான்.

அவள் நம்பினாள். தலையாட்டிவிட்டு விலகி நின்றாள்.

“பூட்டு ரிப்பேராப்பா?”

“ஆமா.”

கண்ணாடியில் மகளின் கண்களைச் சந்திக்க அவனால் முடியவில்லை.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தை நெருங்குகையில் மண்சரிவு பாதையை மறித்திருந்தது. சாவியைக் காரிலேயே விட்டுவிட்டுப் பார்க்க இறங்கினான்.

பின்னால் ‘டக்’.

ஓடிவந்து இழுத்தான். எந்தக் கதவும் அசையவில்லை. ஓடத் தொடங்கினால் பூட்டும்; மோதினால் திறக்கும், அதுவும் மின்கலம் பிழைத்திருந்தால்; குழந்தைப் பூட்டுப் போட்ட பின்கதவை உள்ளிருந்து எவராலும் திறக்க முடியாது. அனைத்தும் அவனுக்குத் தெரியும். நிற்கும் கார் தானாகப் பூட்டிக்கொள்ளாது என்பதும் தெரியும்.

மேட்டிலிருந்து கற்கள் உருண்டன.

உள்ளே பின்னிருக்கையில், அதே நனைந்த சாக்கைப் போட்ட உருவம்.

அதன் மடியில் தாரணி.

“ஆயா... தொறங்க ஆயா...” என்று கண்ணாடியைத் தட்டினான்.

கிழவி பூட்டைச் சுட்டிக்காட்டினாள். இரு கைகளையும் விரித்தாள். முகத்தில் கோபமே இல்லை.

அவனது அலறல் கேட்டு லயத்திலிருந்து ஓடிவந்த பொன்னையா, மண்வெட்டியால் முன்கதவுக் கண்ணாடியை உடைத்தார். தாரணி மட்டுமே இருந்தாள், அழவில்லை.

“புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு வேடிக்க பாக்குறீங்களா, தம்பி? இதுதான் கொழும்புப் படிப்பா?”

“தானா பூட்டிக்கிச்சு மாமா.”

இம்முறை அது உண்மை. அவன் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

“வேலாயி ஆயாவ வழியில பாத்தேன்...” என்று முணுமுணுத்தான்.

பொன்னையாவின் குரல் தாழ்ந்தது. “அது போன மாசமே தவறிடுச்சுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போக மழையில நின்னுச்சு. வண்டியே வரல. அங்கேயே சாஞ்சிருச்சு.”

மீண்டும் கற்கள் உருண்டன. பொன்னையா குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலக, யோகேஸ்வரன் காரைப் பின்னுக்கு எடுக்க ஏறினான். எஞ்சின் உறுமியதும் சிவப்பு விளக்கொன்று மினுங்கியது: பின்னிருக்கையில் இருப்பவர் இருக்கைப்பட்டி அணியவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

விளக்கு அணையவில்லை.