பன்னிரண்டாவது பாட்டில்

காலை 7.10. புதுக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், உள்ளே தாழிட்ட அறையில் காவலாளி செத்துக் கிடந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மழைச் சாரலுக்காக ஜன்னலைத் துணி வைத்து அடைத்திருந்தார். தரை விரிசலருகே குனிந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஏதோ தித்திப்பு வாடை அடித்தது, தலை கிறுகிறுத்தது.

“ஒரு வாரமா தலைவலின்னாரு. வெளிய வந்து நின்னா சரியாயிடும்,” என்றாள் காவலாளியின் மனைவி. “மாரடைப்புன்னு எழுதிடாதீங்கம்மா.”

எழுதச் சொல்லி மேலதிகாரி ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார். பத்து மணிக்கு நாற்பது குடும்பங்கள் குடியேறுகின்றன. இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மனையில் முன்பு பட்டறை இருந்தது. இயந்திரங்களின் கிரீஸைக் கழுவிய திரவத்தை மண்ணிலேயே கொட்டினார்கள். ஆனால் மண் பரிசோதனை அறிக்கையில் ‘சுத்தம்’ என்றிருந்தது.

8.25. பரிசோதனைக் கூடம்.

“எப்படிச் சோதிச்சீங்க?”

“வழக்கம்போலதான் மேடம். தட்டுல பரப்பி மூணு நாள் காயவச்சு, சலிச்சு, மெஷின்ல போட்டேன்,” என்றார் பரிசோதகர்.

அலமாரியில் ஒரு பெட்டி. அதில் கண்ணாடி பாட்டில்கள், பதினொன்று. பன்னிரண்டாவது குழி காலி. பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது: ‘ஆவியாகும் பொருள் கலந்த மண்ணுக்கு மட்டும். விளிம்புவரை நிரப்பி உடனே மூடவும்.’

“சோதிச்ச மண்ணை என்ன பண்ணுவீங்க?”

“தொண்ணூறு நாள் ஃப்ரிட்ஜ்ல வைப்போம். எதையும் தூக்கிப் போடமாட்டோம்.” சொன்னபிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பின்வரிசையில், அந்த மனையின் எண்ணும் தேதியும் ஒட்டிய பன்னிரண்டாவது கண்ணாடி பாட்டில் இருந்தது.

“ஈயத்தைத் தேடுறவங்க மண்ணைக் காயவைக்கலாம். இது கிரீஸ் கழுவின திரவம், ஆவியாகிற விஷம். தட்டுல பரப்பினா காத்தோட போயிடும், மிச்சம் நல்ல மண்ணு. அங்கே அது விரிசல் வழியா அடைச்ச ரூமுக்குள்ள ஏறிடுச்சு.”

“பழக்கதோஷம் மேடம். தெரியாம...”

“தெரியாமலா?” இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த சோதனை நோட்டைப் புரட்டினார். “பாட்டில் தேதி ஒண்ணாந்தேதி. தட்டுல பரப்பினது அஞ்சாந்தேதின்னு உங்க நோட்டே சொல்லுது. முதல்ல ஒழுங்கா சோதிச்சீங்க, விஷம்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் காயவச்சீங்க. யார் கேட்டா?”

பரிசோதகர் நோட்டை வாங்கி மூடி வைத்தார். “அந்தக் குடியிருப்பைக் கட்டினவர்தான்.”

9.50. குடியிருப்பு வாசல். சாமான் லாரிகள் வரிசைகட்டி நின்றன. இன்ஸ்பெக்டர் இரும்புக் கேட்டில் பூட்டைப் போட்டார். காவலாளியின் மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். போன் மூன்றாவது முறை அடித்தது.

“கேட்டைத் திறங்க. இது உத்தரவு,” என்றார் மேலதிகாரி.

“திறக்கிறேன் ஐயா. நீங்க குடும்பத்தோட வந்து ஒரு ராத்திரி அந்த ரூம்ல படுங்க. காலையில எழுந்து நீங்களே சொல்லுங்க, திறக்கிறேன்.”