இடது பின்கதவு

"டாடி, அந்தப் பாப்பா ஏன் எறங்கவே மாட்டேங்குது?"

மந்தைவெளி வீட்டுப் போர்ட்டிகோவுக்குக் கார் வந்த முதல் நாள், பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சான்ட்ரா கேட்டாள். உள்ளே யாருமில்லை. ஆறு வயது மகளின் கற்பனை என்று கிளிஃபர்ட் சிரித்தார். குவைத்தில் இருபது வருடம் உழைத்து, இங்கிலாந்திலிருந்து கப்பலில் தருவித்த கறுப்புக் கார். அவரைவிட வயதில் மூத்தது. அதன் விலை ஒரு பங்கு என்றால் கப்பல் கூலி, சுங்க வரி, காகிதம் சரியில்லை என்று துறைமுகத்தில் கிடந்த நாட்களுக்கான வாடகை எல்லாம் சேர்ந்து மூன்று பங்கு ஆகியிருந்தது. அதனால்தான் மெக்கானிக் அப்துல் சமத் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்ல சார். தானா உடையல. யாரோ வேணும்னே கழட்டிக்கீறாங்க. உள்ள குந்தினா வெளிய வர முடியாது. புதுக் கைப்பிடிய இங்கிலாந்துலேர்ந்துதான் வரவழைக்கணும்."

"அதுக்கும் ஒரு வரியா? பின்கதவுதானே பாய், வெளியேருந்து தொறந்துக்கலாம்."

"இம்மாம் பெரிய வண்டிய எறக்கிட்டு, ஒரு கைப்பிடிக்குக் கணக்கு பாக்கறீங்களே சார்!"

அந்த ஞாயிறு மாதா கோயில் வாசலில் வண்டியை மந்திரித்தபோது சாமியார் நான்கு கதவுகளையும் திறக்கச் சொன்னார். மழை இடப்பக்கமிருந்து சாய்ந்து அடித்தது. புது மெத்தை நனைந்துவிடுமே என்று கிளிஃபர்ட் இடது பின்கதவை மட்டும் திறக்கவில்லை. தீர்த்தம் அந்தப் பக்கம் விழவே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், நனைந்திருந்தது அந்த ஓர் இருக்கைதான்.

துடைத்தார். மறுநாளும் நனைந்திருந்தது. சென்னை மழையின் மண்வாசனை அல்ல அது; பல காலம் மூடிக்கிடந்த குளத்தின் பாசியும் அழுகிய இலையும் ஊறிய குளிர்ந்த வாடை, ஹால்வரை வந்து, மனைவி சோஃபியா ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி வாசனையையும் மீறி மூக்கில் ஏறியது. கிளிஃபர்டுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடந்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

சுரண்டும் சத்தம்.

டார்ச் அடித்துப் பார்த்தார். கதவின் உள்பக்கத் தோலில் கீறல்கள். ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில். நேற்று இல்லாதவை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சான்ட்ரா அழுதுகொண்டே எழுந்தாள். படுக்கை நனைந்திருந்தது. நகங்கள் முறிந்து, விரல் நுனிகளில் ரத்தம்.

"கதவு தொறக்கல டாடி."

அன்றே கிளிஃபர்ட் கைப்பிடிக்குப் பணம் அனுப்பினார். விலை கேட்கவில்லை. அது வந்து சேரும்வரை மூன்று வாரமும் சான்ட்ராவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டே படுத்தார்.

பொட்டலம் வந்த ஞாயிறு மாலை, மனைவியையும் மகளையும் பூசைக்கு அனுப்பிவிட்டு, தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தானே உட்கார்ந்து மாட்டினார். இரண்டே திருகாணி. இறங்கிக் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

"மன்னிச்சுக்கோ கண்ணு," என்றார் கண்ணாடியிடம். "லேட்டாயிடுச்சு."

மழை நின்றிருந்தது. காக்கைச் சத்தம்கூட இல்லை.

உள்ளே கைப்பிடி அசைந்தது. மெல்ல. பழக்கமில்லாத கை போல.

கதவு திறந்தது.

சான்ட்ரா இறங்கும்போதெல்லாம் நீட்டுகிற பழக்கத்தில், யோசிக்காமல் கையை நீட்டினார்.

குளிர்ந்தது. ஈரம். ஐந்து சின்ன விரல்கள்.

ஒன்றிலும் நகமில்லை.

அவர் கையை உதறவில்லை. உதடுகள் மட்டும் 'அருள் நிறைந்த மரியே' என்று துடித்தன. கேட்வரை நடந்தார். அவர் செருப்புத் தடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள் சிமெண்டில் பதிந்துகொண்டே வந்தன. கேட்டை அகலத் திறந்தார்.

"போ கண்ணு."

காத்திருந்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

பிடி தளரவில்லை.