ஒரே நம்பர், இரண்டு கம்ப்யூட்டர்

அஞ்சுவின் கம்ப்யூட்டர் பெட்டி, எஸ்டேட் ஆபீஸில் கழித்துப் போட்டது. இடி விழுந்ததில் உள்ளே எல்லாம் கருகிப் போயிருந்தது. வேண்டிய பாகங்களைச் சாந்தன்பாறை பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மிக்கேல்ராஜ் மாமாதான் கொடுத்தார். லீவு முழுக்க அவர் கடையிலேயே பழியாய்க் கிடந்து, அஞ்சு எல்லாவற்றையும் பொருத்தினாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஆனால், 'லைசென்ஸ் நம்பரைக் கொடு' என்று திரையில் ஒரு கட்டம் வந்து மறித்துக்கொண்டு நின்றது.

"பெட்டியில ஒட்டியிருக்கிற நம்பரைப் போட்டேன் மாமா. செல்லாதுங்குது" என்று கடைக்கு வந்து சொன்னாள்.

"அது கருகின போர்டுக்குக் கொடுத்த நம்பர் பிள்ள. அதோட அதுவும் போச்சு. பொறு. உங்க ஸ்கூல்ல இருக்கிற மாதிரி, இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேரைச் சனிக்கிழமை போட்டுத் தர்றேன்."

சனிக்கிழமை வரைக்குமா? பொறுப்பது என்றால் அஞ்சுவுக்கு வேப்பங்காய்.

எதிரே சந்தனமேரி அத்தையின் ஜெராக்ஸ் கடை. அங்கே ஓடுவது மிக்கேல்ராஜ் மாமா விற்ற கம்ப்யூட்டர். அதன் பக்கவாட்டிலும் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. அத்தை டீ வாங்கப் போன நேரம், அஞ்சு அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிவந்து போட்டாள். கட்டம் மறைந்தது! அன்று அவள் கால் தரையில் பாவவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அத்தையின் திரை கறுத்துப் போனது. 'இந்த நம்பர் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது' என்றது. போடிமெட்டு பஸ் வருவதற்குள் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

"ஏய்யா மிக்கேலு! திருட்டு நம்பரையா என் தலையில கட்டின?" அத்தையின் சத்தம் பஜாருக்கே கேட்டது.

"இல்லக்கா, அது பில்லோட வாங்கின..."

"பேசாத!"

வரிசையில் நின்ற ஒருவர், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தன் லேப்டாப்பை மாமாவிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மாமா வெறும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவருடன் பக்கத்தில் நின்ற அஞ்சு, நம்பர் எழுதிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கூட்டம் போனபிறகுதான் அவளால் நடந்ததைச் சொல்ல முடிந்தது.

"பொறுன்னு சொன்னேன்ல பிள்ள" என்றார் மாமா. பிறகு, "சாரமில்ல, போகட்டும். உன் கம்ப்யூட்டர்ல அதை எடுத்துட்டு, கம்பெனிக்குப் போன் பண்ணா சரியாயிரும். அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அஞ்சுவுக்கு.

வீட்டில் அந்த நம்பரை எடுத்த பிறகும் மனசு ஆறவில்லை. மாமாவைத் திட்டியது ஊருக்கே கேட்டதே. இதை மட்டும் குசுகுசுவென்று சொன்னால் எப்படி?

மறுநாள் பஸ் வரும் நேரத்துக்குச் சரியாகப் போய், ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாள்.

"அத்தை! உங்க நம்பரைத் திருடினது நான்தான். மிக்கேல்ராஜ் மாமா ஒண்ணுமே செய்யல." பாதியில் குரல் உடைந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அடிப்பாவி!" என்றார் அத்தை. அப்புறம் எதிர்க்கடையைப் பார்த்தார். "அவனை நான் என்னென்ன பேசிட்டேன்..." தனக்கு வாங்கி வைத்திருந்த டீயைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

சனிக்கிழமை சொன்னபடியே மாமா இலவசமானதைப் போட்டுத் தந்தார்.

"இதுக்கு நம்பர் வேண்டாமா மாமா?"

"வேண்டாம். எத்தனை பேருக்கு வேணும்னாலும் போட்டுக் கொடுக்கலாம்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

மாமா அவளை முறைத்தார். "சொன்னேனே!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்த லேப்டாப்காரர் மட்டும் திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் அஞ்சு எட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் தோளில் பையோடு அவர் இறங்கினார். அஞ்சு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"அன்னிக்குத் தப்பு செஞ்சது நான், மாமா இல்ல. உங்க லேப்டாப் சரியாயிருச்சா?"

"எங்க? மூணு கடை ஏறி இறங்கிட்டேன்."

"வாங்க, உக்காருங்க. மாமா டீ குடிக்கப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

அவரைக் கடைக்குள் இழுத்து வந்து உட்கார வைத்தாள். ஆனாலும், இன்னும் நம்பிக்கை வராதவர் போல, மாமா வரும்வரை அவர் பையின் வாரை விடவே இல்லை.