அம்மா என்ன கடத்தினாள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளைக் காணோம்.

அம்மா மேசையின் இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டாள். அப்பா சோபாவைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சீப்பு, காய்ந்துபோன பேனா, போன வருடம் தொலைந்த டிவி ரிமோட் எல்லாம் கிடைத்தன. தாள் மட்டும் கிடைக்கவில்லை. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். பத்து மாடி லிஃப்டில் எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் ஒரு தாளைக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

“நாளைக்கு அதை எடுத்துட்டுப் போகணும்! தாளுக்கு என்ன, கால் முளைச்சிடுச்சா?” என்று அம்மா கத்தினாள்.

அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளின் கூச்சலைத் தாண்டிப் பேசிப் பேசியே அவள் குரல் பெரிதாகிவிட்டது.

வக்கீல் மட்டும் தேடவில்லை. வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு போட்டவர் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பெண். எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வீட்டில் அந்தப் பெயர். அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுத் தம்பி ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை. இன்று தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவனை உள்ளறைக்கு இழுத்துப் போனாள்.

“எடு.”

“எதை?”

“தலையணை உறைக்குள்ள வச்சிருக்கியே, அதை.”

தம்பி கதவைச் சாத்திவிட்டுத் தாளை வெளியே எடுத்தான். “சத்தம் போடாதேக்கா. போலீஸ் வந்துடும்.”

“போலீஸா? எதுக்குடா?”

“நீயே படி.”

தாளில் தம்பியின் நோய் எழுதியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். அவனுக்கு அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அதற்காக வாரத்துக்கு இரண்டு தடவை ஊசி போட்டுக்கொள்கிறான். அதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘தாய்: கடத்தி. மகள்: கடத்தியா என்று பரிசோதிக்க வேண்டும்.’

“அம்மா என்னத்தக் கடத்தினாங்க? தங்கமா? வேன் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சா?” தம்பிக்கு அழுகை முட்டியது. “உன்மேலயும் சந்தேகம்னு போட்டிருக்கே!”

வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவுக்கு வெளியே அம்மாவும் சிரித்தாள். எப்போது வந்து நின்றாளோ, தெரியவில்லை. ஆனால் அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“அந்தக் கடத்தல் இல்லடா கண்ணா. இந்த நோய் என் வழியாத்தான் உனக்கு வந்திருக்குன்னு அர்த்தம். என்னை ஒண்ணும் செய்யல. உன்னைப் பிடிச்சிடுச்சு. எல்லாம் என்னாலதான்.”

தாளை வாங்கிக்கொண்டு வேகமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். வக்கீலுக்குச் சிரித்ததே தப்போ என்று இருந்தது.

மறுநாள் அம்மா, வக்கீல், தம்பி மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ‘மரபணு ஆலோசகர்’ என்று எழுதிய கதவுக்குப் பின்னால், பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

“நம்ம உடம்புக்குள்ள ஒரு புத்தகம் இருக்கு. மூக்கு எப்படி இருக்கணும், ரத்தம் எப்படி உறையணும், எல்லாம் அதுல இருக்கும்,” என்றார் ஆலோசகர். “ரத்தம் உறையறதைச் சொல்ற பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை. அம்மாகிட்ட அந்தப் பக்கம் ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு தப்பா இருந்தாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். பையன்களுக்கு ஒரே பிரதிதான். தம்பிக்குப் பிழையானது வந்து சேர்ந்திடுச்சு.”

“எது நல்லது, எது பிழைன்னு அம்மாவால பார்த்துக் குடுக்க முடியுமா?” என்று கேட்டாள் வக்கீல்.

“யாராலயும் முடியாது.”

“அப்ப ‘என்னாலதான்’னு அம்மா சொன்னது செல்லாது,” என்றாள் வக்கீல்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

“பிழையை அழிச்சுட்டுத் திருத்தி எழுத முடியாதா?” என்றான் தம்பி, நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே.

“பெரியவங்க சிலருக்கு அந்த மாதிரி மருந்து வந்திருக்கு. அதுல நல்லதும் இருக்கு, இன்னும் தெரியாததும் இருக்கு. நீ வளர்ந்ததும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நீயே முடிவு பண்ணலாம்.”

“திருத்தினா என் காதும் மாறிடுமா?”

“மாறாது. அந்த முறம் காது உனக்கேதான்.”

அப்புறம் ஆலோசகர் அக்காவின் பக்கம் திரும்பினார். “இவளுக்கு ரெண்டு பரிசோதனை இருக்கு. ஒண்ணு, இவ ரத்தம் சரியா உறையுதான்னு பார்க்கறது. இன்னொண்ணு, அந்தப் பிழை இவகிட்டயும் இருக்கான்னு பார்க்கறது.”

“ரெண்டையும் இன்னிக்கே எடுத்துடுங்க,” என்றாள் அம்மா. “முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது. இவன் விஷயத்துல மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா…”

அம்மா முடிக்கவில்லை.

தம்பியின் கால்கள் ஆடுவது நின்றது. தலை குனிந்துகொண்டது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டாள். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. முன்னாடியே தெரிந்திருந்தால் அம்மா என்னை வேண்டாம் என்று சொல்லியிருப்பாளோ?

வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அவன் இதையே நினைத்துக்கொண்டு வருவான். அதை அவளால் பொறுக்க முடியாது.

“அம்மா, ஒரு கேள்வி.”

“இப்ப வேணாம் வக்கீலம்மா.”

“இப்பவேதான் வேணும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்ப? முழுசாச் சொல்லு. தம்பி கேட்டுக்கிட்டிருக்கான்.”

அம்மா தம்பியைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து அவன் முன்னால் மண்டியிட்டாள்.

“டேய், இங்க பாரு. உனக்குப் பத்து மாசம் இருக்கும். விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிட்ட. ரத்தம் நிக்கவே இல்ல. என்னன்னே தெரியாம மூணு ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடினேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நேரா இங்க வந்திருப்பேன். ஒரு ஊசியில நின்னிருக்கும். அதைத்தான்டா சொல்ல வந்தேன். நீ வேணாம்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும்.”

“போன வாரம் உன் போனை பக்கெட் தண்ணியில போட்டேனே, அன்னிக்கு?”

அம்மா யோசித்தாள். “அன்னிக்கு ஒரு அஞ்சு நிமிஷம் நினைச்சேன்.”

தம்பி சிரித்துவிட்டான். அம்மா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை.

“ரெண்டு பரிசோதனையும் இப்பவே வேணுமா?” என்று வக்கீல் அவரைக் கேட்டாள்.

“முதலாவது வேணும். நாளைக்கே உனக்கு ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தா அது தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவதுக்கு அவசரம் இல்ல. உனக்குன்னு ஒரு குடும்பம் வரும்போதுதான் அந்தப் பதில் உதவும்.”

“அப்ப முதலாவது மட்டும் எடுங்க. ரெண்டாவதை நான் பெரியவளானதும் வந்து கேட்டுக்கறேன். என்னைப் பத்தின பதில். அப்ப கேட்கணுமா வேணாமான்னு நான்தானே சொல்லணும்?”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி. அன்னிக்கு நானே வேன்ல கூட்டிட்டு வர்றேன்.”

“வேணாம். அன்னிக்கு நானே ஓட்டிட்டு வருவேன்.”

நர்ஸ் வந்தார். ஊசியைப் பிரித்தார். அவ்வளவுதான், வக்கீலின் முகம் வெளுத்துவிட்டது. தம்பிக்கு ஊசி போடும் நேரத்தில் அவள் எப்போதும் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறவள்.

தம்பி நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் கையைப் பிடித்தான்.

“ஊசியைப் பார்க்காதே. சுவத்துல இருக்கிற அந்தக் கடிகாரத்தைப் பாரு. மூச்சை மெதுவா வெளிய விடு.”

“வலிக்குமாடா?”

“வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரிதான்னு சொல்லுவாங்க, நம்பாதே. ஆனா பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

அவனே சத்தமாக எண்ணினான். ஏழு வரும்போது முடிந்துவிட்டது. வக்கீல் பிடித்த பிடியில் அவன் விரல்கள் சிவந்திருந்தன. அவன் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பஞ்சை எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“அட, பெரிய டாக்டர் மாதிரி சொல்றியே! உனக்கு எத்தனை வயசு?” என்று நர்ஸ் கேட்டார்.

“வயசு ஏழுதான்,” என்றான் தம்பி. “ஆனா இதுல எனக்கு ஆறு வருஷ சர்வீஸ்.”