காய்ச்சல் இல்லாத ஊரில் ஒரு கொலை!

டெலிபோன் அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தார்.

"பொலிஸ்."

"கொலை, இன்ஸ்பெக்டர்... கொலை!"

"ஆர் கதைக்கிறது?"

"மலேரியா ஒழிப்புக் கந்தோர். மேலதிகாரி யோகலிங்கம். ஓமந்தைக்கு உள்ளால காட்டோரக் குடியேற்றம் இருக்கெல்லோ... அங்க ஒரு பெட்டைப்பிள்ளை செத்துப்போச்சு எண்டு டிஸ்பென்சரியால அறிவிச்சவங்கள். சின்னம்மாக்காரி நஞ்சு வைச்சிட்டாள்!"

"நஞ்சு எண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்!"

"கண்ணால பாத்தனீங்களோ?"

"பாக்கத் தேவையில்லை. அந்த ஊரில மலேரியா இல்லை. அப்ப பிள்ளை காய்ச்சலில சாகேலாது. சாகேலாதது செத்தால்... நஞ்சுதான்!"

தில்லைநாதன் ரிசீவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். அவருடைய பொலிஸ் வாழ்க்கையில் மலேரியாக் கந்தோர்க்காரன் ஒருவன் கொலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

நுளம்பையே கண்டுபிடிக்காத கூட்டம்!

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காட்டுப் பாதையில் ஏறியது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த சனம் அங்கே காடு வெட்டிக் குடியிருந்தது. வந்து இரண்டு வருடம். கிணறு ஒன்று உண்டு. ரோட்டு இல்லை. நுளம்பு மட்டும் தாராளம்.

குடிசைக்குள் பாயில் கிடந்தாள் மீனம்மா. ஏழு வயது. வாயோரத்தில் காய்ந்த நுரை.

பக்கத்தில் ஒரு செம்பு. அடியில் கறுப்பாகக் கசாயம்.

சுவரோடு சாய்ந்து இருந்தவள் பொலிசைக் கண்டதும் வீறிட்டாள்.

"ஐயோ... நான் கொல்லலைங்க! எம் புள்ளைய நான் கொல்லலைங்க!"

"உன்ர பேர் என்ன?"

"சுப்பம்மாங்க."

"பிள்ளைக்கு நீ சின்னம்மா. அப்பிடித்தானே?"

"பெத்தவ தோட்டத்துலயே செத்துப் போயிட்டாங்க. ரெண்டு வயசுலேருந்து நாந்தான் வளர்த்தேன்."

"என்ன குடுத்தனீ?"

"நெலவேம்புக் கசாயங்க."

"ஏன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேல்லை?"

அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணில் அழுகை நின்றுபோயிருந்தது.

"போனேங்க. தோள்ல போட்டுக்கிட்டு டிஸ்பென்சரிக்கு நடந்தே போனேன். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, அந்த மலேரியா மாத்திரைய குடுங்கன்னேன். எந்த ஊருன்னாங்க. சொன்னேன். 'அந்த ஊர்ல மலேரியா இல்ல, மேல இருந்து கடுதாசி வந்திருக்கு, போ'ன்னுட்டாங்க. மறுபடி தூக்கிட்டுப் போனேன். மறுபடியும் அதே பேச்சுதாங்க!"

தில்லைநாதன் பிள்ளையின் விரல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"விரலில ஊசியால குத்தி ரத்தம் எடுக்க ஆக்கள் வந்தவையோ?"

"எந்த விரல்லங்க?"

மூலையில் நின்ற தகப்பன் ஆண்டியப்பன் கசப்பாகச் சிரித்தான்.

"எங்களுக்கு ஓட்டு இல்லீங்க, ஐயா. ஓட்டு இல்லாத ஊருக்கு யாருங்க வருவா?"

ஆனாலும் சட்டம் ஒன்று இருந்தது. அரசாங்க அதிகாரி ஒருவரின் முறைப்பாடு. செத்த பிள்ளை. கடைசியாகக் குடிக்கக் கொடுத்தது சின்னம்மா. நாளைக்கு நீதவான், பிறகு மறியல்சாலை, அதற்குப் பிறகு தூக்குக் கயிறு வரைக்கும் போகக்கூடிய வழக்கு.

தில்லைநாதன் மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே பிள்ளையின் உடலோடு சுப்பம்மாவையும் ஜீப்பில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரி.

டொக்டர் இராசமலர் கையைத் துடைத்தபடி சவ அறையிலிருந்து வெளியே வந்தா. வயது குறைவு. நாக்கு கூர்மை.

"நஞ்சும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, இன்ஸ்பெக்டர். மண்ணீரல் வீங்கிப்போய்க் கிடக்கு. ரத்தத்தை எடுத்துப் பாத்தனான். மலேரியாக் கிருமி புழுத்துப்போய்க் கிடக்கு. மூளைக்கு ஏறியிருக்கு. நேரத்துக்கு மாத்திரை குடுத்திருந்தால் இந்தப் பிள்ளை இப்ப விளையாடிக்கொண்டு திரியும்!"

"பச்சைப் பொய்!"

வாசலில் யோகலிங்கம்! தேய்த்த வெள்ளைக் காற்சட்டை, பொக்கற்றில் இரண்டு பேனை, கழுத்தில் பவுடர். காட்டில் வேலை செய்யும் அதிகாரியின் சப்பாத்தில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"டொக்டர் நேற்றுத்தான் படிச்சு முடிச்சு வந்தவா. பிழை விடத்தானே செய்வா. இன்ஸ்பெக்டர், அந்த ஊர்ப் பிள்ளையள் எல்லாற்ற ரத்தமும் போன மாதம் எடுத்துச் சோதிச்சனாங்கள். மீனம்மாவின்ரயும் இருக்கு! ஒண்டிலயும் மலேரியா இல்லை!"

"சோதிச்சது ஆர்?" என்று தில்லைநாதன் கேட்டார்.

"நானே! மைக்ரோஸ்கோப்பில ஒவ்வொண்டாப் பாத்தனான்."

"ஊரில ஒருத்தரும் விரலைக் குத்தேல்லை எண்டு சனம் சொல்லுது."

"உந்தச் சனம் அப்பிடித்தான் சொல்லும்! பொய் சொல்லிப் பழகின சனம். ரத்தம் எடுத்த கண்ணாடித் துண்டுகள் ஒரு பெட்டி நிறையப் பேர் எழுதிக் கிடக்கு. டொக்டரின்ர ஒரு துண்டோ, அரசாங்கத்தின்ர ஒரு பெட்டியோ... நீதவான் எதை நம்புவார்?"

"பெட்டியைக் கொண்டு வாங்கோ."

"இப்பவே கொண்டாறன்!"

போன வேகத்திலேயே வந்தார். பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வெளிக்கள உதவியாளன் ராசு. நல்ல தடியன். ஆனால் வேர்வை வடிந்துகொண்டிருந்தது.

"சேர்..." என்று ராசு முணுமுணுத்தான். "பெட்டி விழுந்து உடைஞ்சுபோச்சு எண்டு சொல்லுவமே..."

"வாயை மூடடா! என்ர வேலை சுத்தம்!"

தில்லைநாதனின் காதில் அது விழுந்தது. அவர் ராசுவை ஒரு பார்வை பார்த்தார். ராசு கூரையைப் பார்த்தான்.

டொக்டர் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தா.

"இதை நீங்கள் மைக்ரோஸ்கோப்பில பாத்தனீங்கள்?"

"ஓம்!"

"சாயம் போடாமலோ?"

யோகலிங்கம் கண்ணைச் சிமிட்டினார்.

"இன்ஸ்பெக்டர், ஊதாச் சாயம் போட்டால்தான் கிருமி தெரியும். இதில ஒரு பொட்டும் சாயம் இல்லை. பெட்டியில ஒண்டிலயுமே இல்லை!"

"அது... கழுவினால் போயிடும்..."

"போகாது, சேர். முதலாம் வருசத்தில படிப்பிக்கிறது."

யோகலிங்கத்தின் பவுடருக்கு மேலாக வேர்வை இறங்கியது. ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு வெட்கம் வருவதில்லை. கோபம்தான் வரும்.

"சரி! பாக்கேல்லை எண்டே வையுங்கோ! எனக்கு வேலை கூட! ஒரு ஆள் எத்தினையைப் பாக்கிறது? ஆனா ரத்தம் ரத்தம்தானே? இப்ப பாருங்கோ! மீனம்மாவின்ர துண்டை எடுத்து, உங்கட சாயத்தைப் போட்டு, நீங்களே பாருங்கோ! மலேரியா இருந்தால் நான் வேலையை விடுறன்!"

"சேர், வேண்டாம்..." என்றான் ராசு.

"விலகடா!"

டொக்டர் சாயம் போட்டா. எல்லோரும் காத்திருந்தார்கள். வெளி விறாந்தையில் நீட்டு மர வாங்கில் கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் குந்தியபடி சுப்பம்மா கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

டொக்டர் லென்ஸில் கண்ணை வைத்தா.

எடுத்தா. மறுபடியும் வைத்தா. வேறொரு துண்டுக்குச் சாயம் போட்டா. பிறகு இன்னுமொன்று.

"மலேரியா இருக்கோ?" தில்லைநாதன் கேட்டார்.

"இல்லை."

"பாத்தீங்களோ!" யோகலிங்கம் மேசையில் ஓங்கிக் குத்தினார். "நான் அப்பவே சொன்னனான்! இழுத்துக்கொண்டு போங்கோ அந்தக் கொலைகாரியை!"

வெளியே சுப்பம்மா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். தில்லைநாதனுக்கு உலகமே வெறுத்துப்போயிற்று.

"பொறுங்கோ..." என்றா டொக்டர். "இன்ஸ்பெக்டர், ஒண்டு கேக்கிறன். மீனம்மாவுக்குச் செட்டை, சிறகு ஏதும் முளைச்சிருந்ததோ?"

"என்ன பகிடி இது, டொக்டர்?"

"மனுசரின்ர சிவப்பு அணு வட்டமா இருக்கும். நடுவில கரு இராது. இதில எல்லாம் முட்டை வடிவம். ஒவ்வொண்டுக்குள்ளயும் கரு! இது பிள்ளையின்ர ரத்தம் இல்லை. மனுச ரத்தமே இல்லை. பறவை!"



தில்லைநாதன் மெதுவாகத் திரும்பினார்.

"ராசு..."

தடியன் தொப்பென்று காலில் விழுந்தான்.

"கோழி, ஐயா! கோழி ரத்தம்! அந்தக் காட்டுக்குள்ள சைக்கிளில போனால் ஆனை துரத்தும், ஐயா! சேர் பாக்கமாட்டார் எண்டு தெரியும். ஒரு நாளும் பாத்ததில்லை! அதுதான்..."

"கோழி எங்கால?"

"சேரின்ர வீட்டுக் குசினியால. சேருக்குப் பதவி உயர்வு கிடைச்சு விருந்து வைச்சவர். நான்தான் வெட்டினனான். அண்டைக்கே எல்லாத் துண்டிலயும் பூசிப்போட்டன்!"

"டேய்! என்னை ஏமாத்திப்போட்டியேடா!" யோகலிங்கம் அவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

போகாதவன் பார்க்காதவனை ஏமாற்றியிருக்கிறான்! அந்தப் பெட்டியில் ஒரேயொரு துண்டை, ஒரேயொரு தடவை இந்த மனிதன் லென்ஸில் வைத்திருந்தால் போதும். ராசுவும் பிடிபட்டிருப்பான். மாத்திரையும் ஊருக்குப் போயிருக்கும். மீனம்மாவும் பிழைத்திருப்பாள். தில்லைநாதனுக்கு அந்த வெள்ளைக் காற்சட்டையில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"கையை நீட்டுங்கோ, சேர்."

"என்னைத் தொடேலாது! நான் அரசாங்க உத்தியோகத்தர்! கொழும்பில அனுமதி எடுக்கவேணும்!"

"வேலை செய்யாததுக்குப் பிடிக்கிறதெண்டால் கொழும்பைக் கேக்கவேணும். அதுக்குப் பிடிக்கத் தொடங்கினால் நாட்டில மறியல்சாலை காணாது. நான் பிடிக்கிறது பொய் முறைப்பாட்டுக்கு. பெட்டியைக் காட்டி ஒரு பொம்பிளையைத் தூக்கில போடப் பாத்ததுக்கு!"

விலங்கு விழுந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விலங்கு.

தில்லைநாதன் விறாந்தைக்கு வந்தார்.

"சுப்பம்மா... நீ வீட்டை போகலாம். பிள்ளையையும் கொண்டு போகலாம்."

அவள் கும்பிடவில்லை. நன்றி சொல்லவுமில்லை. எழுந்து நின்றாள்.

"ஊர்ல இன்னும் புள்ளைங்க நடுங்கிட்டுக் கெடக்குதுங்க, ஐயா. எம் புள்ள செத்த பொறகாச்சும்... அந்த மாத்திரைய குடுப்பாங்களா?"

தில்லைநாதன் டொக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஜீப்பிலயே போகுது, அம்மா," என்றா டொக்டர். மாத்திரை டின்களை ஏற்கெனவே அடுக்கத் தொடங்கியிருந்தா. "நானும் வாறன்."

ஜீப்பின் பின் சீற்றில், ராசுவோடு ஒரே விலங்கில், யோகலிங்கம் குமைந்துகொண்டிருந்தார்.

"மேலிடத்துக்கு நான் என்ன சொல்லுவன், இன்ஸ்பெக்டர்? என்ர அறிக்கை முழுக்கப் பொய்யாப் போச்சே!"

தில்லைநாதன் கதவை அறைந்து சாத்தினார்.

"முழுக்கப் பொய் எண்டு ஆர் சொன்னது, சேர்? உங்கட வட்டாரத்தில கோழிக்கு மலேரியா இல்லை. டொக்டரே பாத்திட்டா. எழுதி அனுப்புங்கோ... இன்னொரு பதவி உயர்வு தருவாங்கள்!"